ஜாஸ் இசையின் முன்னோடி ஜெலி ரோல் மோர்ட்டன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலே, மிஸிஸிப்பி ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையில், நியூ ஓர்லியன்ஸ் என்னும் துறைமுகப் பட்டினம் இருக்கின்றது. பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் மாறி மாறி ஆண்ட நகரம் அது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் தாளமும், ஐரோப்பியரின் வாத்தியங்களும், கரீபியன் தீவுகளின் நடன மெட்டுகளும் அங்கே ஒன்றாய்க் கலந்தன. அக்கலப்பிலே பிறந்ததுதான் ஜாஸ் இசை. அவ்விசையைத் தாமே படைத்ததாகப் பறைசாற்றியவர் ஒருவர் உண்டு. அவரே பியானோ மேதை ஜெலி ரோல் மோர்ட்டன். அவர் கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதற்கு அவர் வரலாறே விடை தரும்.

1890ஆம் ஆண்டளவில், பிரெஞ்சு மரபும் ஆபிரிக்க மரபும் கலந்த கிரியோல் குடும்பமொன்றிலே அவர் பிறந்தார். பேர்டினண்ட் ஜோசப் லமோத் என்பது அவர் இயற்பெயர். இளமையிலேயே, நகரத்தின் கேளிக்கை விடுதிகளிற் பியானோ வாசித்துப் பொருளீட்டினார். இதனை அறிந்த குடும்பத்து மூதாட்டி அவரை வீட்டை விட்டு வெளியேற்றினார் என்று அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். அதன்பின் ஊர் ஊராக அலைந்தார். சூதாட்டமும் நாடகக் குழுக்களும் அவருக்குச் சோறிட்டன. ஆயினும் பியானோவை அவர் கைவிட்டாரல்லர்.

1915ஆம் ஆண்டிலே, 'ஜெலி ரோல் புளூஸ்' என்னும் அவருடைய இசையாக்கம் சிக்காகோவில் அச்சேறியது. அச்சில் வந்த முதல் ஜாஸ் ஆக்கங்களுள் அதுவும் ஒன்றெனக் கருதப்படுகின்றது. வாய்மொழியாக வாழ்ந்த இசையை ஏட்டிலே எழுதவும் முடியும் என்பதை அது காட்டிற்று. ஒரு வாத்தியக் குழு முழுவதும் செய்யும் வேலையை அவருடைய இரு கைகளும் பியானோவிற் செய்தன. ஸ்பானியச் சாயல் கலவாத ஜாஸ் சுவைக்காது என்பது அவர் கொள்கை.

1923ஆம் ஆண்டிலே வெள்ளையர் குழுவொன்றுடன் சேர்ந்து அவர் இசைத்தட்டுக்குப் பதிவு செய்தார். நிறபேதம் கடுமையாக நிலவிய அக்காலத்தில் இஃது அரிய செயலாகும். 1926இல் 'ரெட் ஹொட் பெப்பர்ஸ்' என்னும் தம் குழுவுடன் விக்டர் நிறுவனத்திற்காக அவர் செய்த பதிவுகளே அவர் புகழின் சிகரம். அக்காலத்து இசைத்தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே அடங்கும். அச்சிறு பொழுதுக்குள், முன்கூட்டியே வகுத்த அமைப்பையும் கலைஞரின் கற்பனைச் சுதந்திரத்தையும் அவர் ஒருங்கே இணைத்தார்.

காலம் மாறியது. பெரிய வாத்தியக் குழுக்கள் மேலோங்கின. அவருடைய 'கிங் போர்ட்டர் ஸ்டொம்ப்' 1935இல் பெனி குட்மன் குழுவினால் நாடெங்கும் பரவியபோது, ஆக்கியோரோ வறுமையில் வாடினார். 1938இல், வேறொருவரை ஜாஸ் இசையின் தந்தையென வானொலியிற் கூறக்கேட்டுச் சினந்து, 1902ஆம் ஆண்டிலே தாமே அதனைப் படைத்ததாகப் பத்திரிகைக்கு எழுதினார். பலர் நகைத்தனர்.

அதே ஆண்டு மே மாதத்தில், வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்திலே அலன் லோமக்ஸ் என்னும் இளம் ஆய்வாளர் அவரைப் பேசவும் வாசிக்கவும் வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார். எட்டு மணி நேரத்திற்கும் மேற்பட்ட அப்பதிவுகளில், தம் இளமைக் கால நகரத்தையும், மறைந்துபோன கலைஞர்களின் வாசிப்பு முறைகளையும் மோர்ட்டன் உயிர்ப்பித்துக் காட்டினார். 1941 யூலை 10ஆம் நாள், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே அவர் காலமானார். அப்பதிவுகள் 2005இல் முழுமையாக வெளிவந்து, மறு ஆண்டிலே கிராமி விருதுகளைப் பெற்றன.

ஓர் இனத்தாரின் இசையைத் தனியொருவர் படைத்தல் இயலாது. மோர்ட்டனுக்கு முன்பே படி போல்டன் போன்றோர் நியூ ஓர்லியன்ஸில் அவ்வழியிற் சென்றுவிட்டனர். ஆனால், போல்டனின் வாசிப்பு ஒரு தட்டிலேனும் இன்று கிடைப்பதில்லை. காற்றோடு போகவிருந்த இசைக்கு வடிவம் கொடுத்து, எழுத்திலும் ஒலியிலும் அதனை நிலைநிறுத்தியவர் மோர்ட்டன். படைத்தவர் என்னும் பட்டம் அவருக்குப் பொருந்தாவிடினும், காத்தளித்தவர் என்னும் பெருமை அவருக்கே உரியது.