சென்னைக் கோடும் ரெயில் கடிகாரமும்

பூகோள உருண்டையில் குறுக்கே ஓடுவன அட்சரேகைகள். துருவத்திலிருந்து துருவம் செல்வன தீர்க்கரேகைகள். இரண்டும் ஓரினம் போலத் தோன்றினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பூமி தன் அச்சில் சுழல்வதால் அட்சரேகைக்கு நடுக்கோடு இயற்கையாகவே அமைந்துவிட்டது. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகையில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே அவ்விடத்து அட்சரேகை. தீர்க்கரேகைக்கோ இயற்கை தொடக்கம் எதையும் வகுக்கவில்லை. மனிதர் ஒப்புக்கொண்டதே பூஜ்யக் கோடு. நம் பழைய சித்தாந்த நூலார் அதனை உஜ்ஜயினி வழியே வைத்தனர். 1884-இல் வாஷிங்டனில் கூடிய மகாநாடு கிரீனிச்சைத் தேர்ந்தது.

பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது; ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிஷம். இரண்டு ஊர்களின் நேர வேறுபாடு தெரிந்தால் தீர்க்கரேகை வேறுபாடும் தெரிந்ததாகும். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் ஒன்றைக் கட்டினர். அங்குப் பணிபுரிந்த கோல்டிங்காம் என்பார் வியாழனின் சந்திரர்கள் அதன் நிழலில் மறையும் தருணங்களைக் குறித்து வந்தார். அம்மறைவு எங்கிருந்து நோக்கினும் ஒரே கணத்தில் காணப்படுவது. அவ்வேளையில் இரண்டு ஊர் மணியையும் ஒப்பிட்டால் போதும். சென்னை, கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியது என 1802-இல் அவர் நிர்ணயித்தார். இன்றைய கணக்கோடு அது அரை நிமிஷமும் மாறுபடவில்லை என்பது வியக்கத்தக்கது.

பம்பாய் மணி சென்னைக்கு ஏறத்தாழ அரைமணி பின்னும், கல்கத்தா மணி அரைமணிக்குச் சற்று அதிகமாக முன்னும் ஓடின. ஊருக்கொரு மணியை வைத்து ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டிகளை விட்டால் என்ன நேரும் என்பதை ரெயில்வேக் குடும்பத்தாராகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரண்டிற்கும் நடுவணதாகிய சென்னை நேரமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரெயில்வே நேரமாயிற்று. பம்பாயில் வண்டி புறப்பட்டதும் நுங்கம்பாக்கத்துச் சூரியனைக் கொண்டே! ஆனால் ஊர்மக்கள் அதற்கு இணங்கினாரில்லை. 1881-இல் பம்பாய் நகரிலும் சென்னை நேரத்தைப் புகுத்த அரசாங்கம் முயன்று, எதிர்ப்புக் கண்டு பின்னர்க் கைவிட்டது.

1906 ஜனவரி 1-ஆம் தேதி முதல் மீர்ஜாப்பூர் அருகே செல்லும் 82½ பாகைக் கோட்டின் நேரம் நாட்டுக்குப் பொதுவாயிற்று. சென்னைக் கடிகாரங்கள் 9 நிமிஷம் முன்னே தள்ளப்பட்டன. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தத்தம் நேரத்தை விட மனமின்றி வைத்திருந்தன. கட்சுக்கும் அருணாசலத்தின் கிழக்கெல்லைக்கும் சூரியோதயம் ஏறக்குறைய இரண்டு மணி வேறுபடுவதால், அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் ஒரு மணி முந்திய ‘தோட்ட நேரம்’ இன்றும் வழங்கி வருகிறது.