மூன்லைட் சாலையும் ஏழாம் எண் ஜெர்சியும்

அட்லாண்டாவில் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் பெயரைச் சொன்னால் போதும், இருக்கிற கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். 2002-ல் நான் மதுரையிலிருந்து இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது, எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அந்தப் பெயர் தினமும் அடிபட்டது. இன்றும் அடிபடுகிறது. நடுவில் நாய்கள் வந்தன, சிறை வந்தது, வேற்றூர் ஜெர்சி வந்தது. வாதம் நாய்களோடுதான் தொடங்கியது என்று நினைப்பவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும். அதற்கு ஆறு வருடம் முன்பே அது புகைந்துகொண்டிருந்தது.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்தில் ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலும் குவார்ட்டர்பேக் கையில்தான் தொடங்கும். எதிரணியின் தடியர்கள் பாய்ந்து வருவதற்குள், மூன்று நான்கு விநாடிகளில், பந்தை யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். அணியின் மூளை அவர்தான். அந்த மூளை வேலையைக் கறுப்பர்களுக்குக் கொடுக்க இந்த நாட்டின் தொழில்முறை லீக் வெகு காலம் மறுத்தது. வாரன் மூன் 1978-ல் ரோஸ் பௌல் ஆட்டத்தில் சிறந்த வீரர் பரிசு வாங்கியவர். அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் அந்த வருடத் தேர்வில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. கனடாவின் எட்மன்டனுக்குப் போய் வரிசையாக ஐந்து கோப்பைகள் வென்ற பிறகுதான் இங்கே கதவு திறந்தது. கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஒருவர் முதன்முதலாக சூப்பர் பௌல் வென்றது 1988 ஜனவரியில், வாஷிங்டனின் டக் வில்லியம்ஸ்.

இந்த வரலாற்றை எனக்குச் சொன்னவர் எங்கள் கூடத்தின் மூத்த டெக்னீசியன். தென்மேற்கு அட்லாண்டாவில், காஸ்கேட் சாலைப் பக்கம் வீடு. இங்கே பெரியவர்களைப் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். அட்லாண்டாவின் ஃபால்கன்ஸ் அணி 1966-ல் பிறந்தது. அந்த அம்மா ஏறக்குறைய அன்றிலிருந்தே அதன் ரசிகை. தோற்பதைத் தவிர வேறொன்றையும் அதிகம் பார்த்தவரல்ல. அடுத்தடுத்து இரண்டு சீசன் தோல்விகளைவிட வெற்றிகள் கூடுதலாக இருந்தது என்ற பேரே அந்த அணிக்கு 2009 வரை கிடையாது.

அப்படிப்பட்ட அணிக்குத்தான் 2001 தேர்வில் விக் வந்தார். சான் டியேகோ அணியிடமிருந்து முதல் இடத்தைப் பேரம் பேசி வாங்கி அவரை எடுத்தார்கள். தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவர். வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரத்து அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். இருபதே வயது. இடது கைக்காரர்.

2002 டிசம்பர் 1. மினியாபொலிஸில் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. பந்தோடு இடப்பக்கம் நகர்ந்த விக் யாருக்கும் எறியவில்லை. நேராகப் புகுந்து ஓடினார். இரண்டு பக்கத்திலிருந்தும் பாய்ந்த இருவர் அவரைப் பிடிப்பதற்குப் பதில் ஒருவர் மீது ஒருவர் மோதி விழுந்தார்கள். அவர் 46 யார்டு ஓடி டச்டவுன் எல்லையைத் தொட்டு, நிற்காமல் அப்படியே சுரங்கப் பாதைக்குள் போனார். அன்று மட்டும் 173 யார்டு ஓட்டம். எனக்கு விதிகள் பாதிகூடத் தெரியாத காலம் அது. ஆனாலும் தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் வயலைத் தாண்டும் சாரைப் பாம்பை ஒருவரும் குறிபார்த்து அடிக்க முடியாது. அந்த ஓட்டம் அப்படித்தான் இருந்தது. அடுத்த மாதம், பனி கொட்டும் கிரீன் பேயில், பேக்கர்ஸை 27–7 என்று வீழ்த்தினார்கள். அதுவரை அந்த மைதானத்தில் பேக்கர்ஸ் சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூடத் தோற்றதில்லை.

ஊரே மாறியது. அணியின் புது முதலாளி ஆர்தர் பிளாங்க் டிக்கெட் விலையைக் குறைத்தார், ஜார்ஜியா டோம் அரங்கம் நிரம்பியது. ஞாயிறு காலையில் மார்ட்டா ரயிலின் மேற்குத் தடம் முழுவதும் கறுப்பும் சிவப்புமாக ஏழாம் எண் ஜெர்சிகள். டோமுக்குப் பக்கத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு பள்ளம் உண்டு, 'கல்ச்' என்பார்கள். அங்கே வண்டிகளை நிறுத்தி, கரி அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டிக்கொண்டே அரை நாள் பேசுவார்கள். கால்பந்தை நான் கற்றது அந்தப் பள்ளத்தில்தான்.

வாதமும் அங்கேதான். மரியெட்டா பக்கத்திலிருந்து வரும் எங்கள் சக ஊழியர் ஒருவர், வெள்ளைக்காரர், நல்ல மனிதர், திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்வார்: "ஓடறவன் ஓடுகாலன். குவார்ட்டர்பேக்னா எறியணும்." விக் எறிந்த பந்துகளில் பாதிக்குச் சற்று மேல்தான் சரியான கையில் சேர்ந்தன என்பது உண்மை. டெக்னீசியன் அம்மா விடமாட்டார்: "அவன் காலால ஜெயிச்ச ஆட்டத்துக்கு உங்க கணக்குல மார்க் உண்டா, இல்லையா?" 2004 டிசம்பரில் பத்து வருடத்துக்கு 130 மில்லியன் டாலர் ஒப்பந்தம், அன்றைக்கு லீக்கிலேயே பெரியது. 2006-ல் 1,039 யார்டு ஓடி, ஒரே சீசனில் ஆயிரம் கடந்த முதல் குவார்ட்டர்பேக் ஆனார். அதே வருடம் நவம்பரில், சொந்த மைதானத்தில் தோற்று வெளியேறும்போது, கேலிக் கூச்சலிட்ட ரசிகர்களைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். இரண்டு கட்சியும் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. அட்லாண்டாவில் தான் போதுமான அளவு உழைக்கவில்லை என்று பின்னாளில் விக்கே சொன்னார். அப்போது சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருக்க மாட்டார்.

2007 ஏப்ரல் 25. வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில், மூன்லைட் சாலையில் இருந்த அவருடைய வீட்டில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். முன்னால் வெள்ளை வீடு. பின்னால் மரங்களுக்கு நடுவே கறுப்பு வண்ணம் பூசிய கொட்டகைகள். மண்ணில் புதைத்த கார் அச்சுகளில் சங்கிலியால் கட்டிய நாய்கள். பிட்புல் மட்டும் ஐம்பதுக்கு மேல். 2001-ல், முதல் பெரிய பணம் கையில் வந்த அதே வருடம், வாங்கிய இடம் அது. அதாவது மினியாபொலிஸில் அவர் ஓடிய நாளிலும் அங்கே நாய்ச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம்தான். இதை நினைக்காமல் அந்த ஓட்டத்தை என்னால் இப்போது பார்க்க முடிவதில்லை.

முதலில் மறுத்தார். லீக் தலைவரிடமும் முதலாளியிடமும் தனக்குச் சம்பந்தமில்லை என்றார். கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் குற்றத்தை ஒப்புக்கொண்டபின், ஆகஸ்ட் 27-ல் தானும் ஒப்புக்கொண்டார். இங்கேதான் அவர்மேல் அன்பு வைத்தவர்களோடு எனக்குத் தீராத வழக்கு. "கூட்டாளிங்க செஞ்சாங்க, இவன் பணம் கொடுத்தான், அவ்வளவுதான்" என்று இன்றும் சொல்கிறார்கள். அவரே கையெழுத்திட்ட ஒப்புதல் அப்படிச் சொல்லவில்லை. அந்த ஏப்ரலில், சோதனைச் சண்டையில் சரியாகச் சண்டையிடாத ஆறிலிருந்து எட்டு நாய்களைத் தூக்கிலிட்டும் தண்ணீரில் அமிழ்த்தியும் கொன்றதில் தனக்கும் பங்குண்டு என்று அதில் இருக்கிறது. கூட்டாளிகள் மேல் பழியைப் போட அந்தக் காகிதம் இடம் தரவில்லை.

தண்டனை டிசம்பர் 10-ல் ரிச்மண்ட் நகரில் வந்தது. நீதிபதி ஹென்றி ஹட்சன், 23 மாதம். அன்றிரவே ஜார்ஜியா டோமில் ஆட்டம். ஃபால்கன்ஸின் கார்னர்பேக் டியாஞ்சலோ ஹால் விக்கின் படத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். ராடி வைட் டச்டவுன் பிடித்ததும் சக வீரர் ஒருவர் வைட்டின் ஜெர்சியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பனியனில் விக்கை விடுவிக்கச் சொல்லும் வாசகம். லீக் அபராதம் போட்டது. மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் பாபி பெட்ரினோ சீசன் முடியுமுன்பே வேலையை உதறிப் போனார்.

அதே நாள் எங்கள் கூடத்தில் நடந்த பேச்சு எனக்கு மறக்கவில்லை. "பொண்டாட்டியை அடிச்சவனெல்லாம் ஞாயித்துக்கிழமை ஆடறான். நாய்க்கு ரெண்டு வருஷமா?" என்றார் அம்மா. மரியெட்டாக்காரர் வீட்டில் கைவிடப்பட்ட நாய்களை எடுத்து வளர்ப்பவர். அவர் குரல் உடைந்தது: "அடிச்சவனையும் உள்ளே போடு, நான் கூட வர்றேன். ஆனா கயித்துல தொங்கின நாய், அது எந்த நிறத்துக்காரன் கட்டின கயிறுன்னா கேட்கும்?" இருவர் சொன்னதும் நியாயம். ஆனால் அந்த நியாயங்களுக்குள் பழைய வழக்கும் ஒளிந்திருந்தது. "அப்பவே சொன்னேன், அவன் குவார்ட்டர்பேக்கே இல்ல" என்ற குரல்கள் அந்த வாரம் எத்தனை கேட்டன! நாய்க்கும் எறிதலுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு குற்றத்தைச் சாக்காக வைத்து ஐந்து வருட ஆட்டத்தை அழித்து எழுதப் பார்த்தார்கள். மறுபக்கத்தில், ஐந்து வருட ஆட்டத்தைக் காட்டிக் குற்றத்தை அழித்து எழுதினார்கள். எனக்கு இரண்டுமே பொய்.

இந்தக் கதையில் ரசிகர்கள் பேசாமல் தாண்டிப் போகும் பகுதிதான் எனக்கு மிக முக்கியம். சண்டைக் கூடங்களில் பிடிபடும் நாய்களைக் கொன்றுவிடுவதுதான் அதுவரை நாட்டின் வழக்கம். அவை திருந்தா, ஆபத்தானவை என்று பெரிய விலங்கு நல அமைப்புகளே கூறின. இந்த நாய்களையும் கொல்லத்தான் அவை கூறின. நீதிமன்றம் வேறு வழி போனது. வல்லுநர்கள் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியை அவற்றின் காப்பாளராக நியமிக்கப்பட்டார். பராமரிப்புக்கென்று விக்கிடமிருந்து ஏறக்குறைய 9,28,000 டாலர் வாங்கப்பட்டது. இருபத்திரண்டு நாய்கள் யூட்டா மாநிலத்துக் கானாப் சரணாலயத்துக்குப் போயின. மற்றவை பல அமைப்புகள் வழியாக வீடுகளுக்குப் போயின. லூகாஸ் என்ற சண்டைச் சாம்பியன் நாய் வெளியே போகக் கூடாது என்பது நீதிமன்ற ஆணை. கானாபிலேயே வாழ்ந்து 2013-ல் இறந்தது. ஜானி ஜஸ்டிஸ் என்ற இன்னொரு நாய் கலிஃபோர்னியா நூலகத்தில் குழந்தைகளின் காலடியில் படுத்துக்கொள்ளும். சத்தமாக வாசிக்கக் கூசும் பிள்ளைகள் அதற்கு வாசித்துக் காட்டுவார்கள். பிடிபட்ட நாய்களை ஒன்றொன்றாகச் சோதித்துப் பார்க்கும் முறை இந்த வழக்குக்குப் பின்தான் நாட்டில் வலுப்பெற்றது. மூன்லைட் சாலை வீட்டையே 2011-ல் ஒரு நாய் மீட்பு அமைப்பு வாங்கிவிட்டது.

விக் கான்சாஸின் லெவன்வொர்த் சிறையில் இருந்தார். அங்கிருக்கும்போதே திவால் மனு போட்டார். 2009 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை எடுத்தது. அந்த டிசம்பரில் ஜார்ஜியா டோமுக்கு எதிரணி ஜெர்சியில் வந்தார். ஈகிள்ஸ் வெற்றி நிச்சயமானதும் அரங்கத்திலிருந்து கோஷம் எழுந்தது, "எங்களுக்கு விக் வேணும்!" என்று. சொந்த அணி தோற்றுக்கொண்டிருக்க, எதிரணிக்காரனை ஆட விடச் சொல்லி ஊரே கத்தியது. அவர் இறங்கி ஒரு டச்டவுன் எறிந்தார், ஒன்று ஓடினார். சிறைக்குப் பின் அவருக்கு அவைதான் முதல் டச்டவுன்கள். அம்மா அழுதார். வெளியே நாய்களின் படங்களை ஏந்தி நின்றவர்களும் அழுதுகொண்டுதான் நின்றார்கள். இரு தரப்பையும் தாண்டி நான் ரயிலுக்கு நடந்தேன்.

அடுத்த வருடம் வாஷிங்டனை 59–28 என்று அடித்த இரவில் அவர் நான்கு டச்டவுன் எறிந்தார், இரண்டு ஓடினார். எறியத் தெரியாதவன் என்று சொன்னவர்கள் அன்று பேசவில்லை. 2011-ல் நாய்ச் சண்டையை வேடிக்கை பார்ப்பதையும் குற்றமாக்கும் மசோதாவுக்கு ஆதரவாகத் தலைநகரில் போய் நின்றார். 2014-ல் அது சட்டமானது. கடன்காரர்களுக்குப் பெரும் தொகையைத் திருப்பிக் கொடுத்தார். நடிப்பு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சட்டம் கேட்டதைக் கொடுத்துவிட்ட மனிதனுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2017 ஜூனில் ஃபால்கன்ஸ் வீரராகவே ஓய்வு பெற்றார். அதே நவம்பரில் ஜார்ஜியா டோமை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஏழாம் எண்ணை இப்போது பிஜான் ராபின்சன் அணிகிறார்.

ஓடுகிறவன் குவார்ட்டர்பேக்கா என்ற பழைய வழக்கு வேறிடத்தில் தீர்ந்தது. 2018 தேர்வின்போது லமார் ஜாக்சனைப் பார்த்து, "நீ ஓடுகிறவன், பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறு" என்று சொன்னவர்கள் உண்டு. சிறு வயதில் விக்கைப் பார்த்து வளர்ந்தவர் அவர். முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாக எடுக்கப்பட்டார். இரண்டு முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர் ஆனார். குவார்ட்டர்பேக்குகளில் விக் வைத்திருந்த 6,109 யார்டு ஓட்டச் சாதனையை 2024 கிறிஸ்துமஸ் அன்று தாண்டினார். மரியெட்டாக்காரர் இப்போது ஓடுகாலன் என்று யாரையும் சொல்வதில்லை.

அந்த டிசம்பரிலேயே நார்ஃபோக் மாநிலப் பல்கலைக்கழகம் விக்கைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தது. நியூபோர்ட் நியூஸுக்கு எதிர்க்கரை. கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட பழைய கல்லூரி. ஓய்வு பெற்றுவிட்ட அம்மாவும், மரியெட்டாக்காரரும், நானும் ஒரு மதிய உணவுக்குச் சேர்ந்தபோது பேச்சு மறுபடி அங்கேயே போனது. "உன் பையன் விளையாட்டுக்காரனா இருந்தா அவர்கிட்ட அனுப்புவியா?" என்று மரியெட்டாக்காரர் என்னைக் கேட்டார். அனுப்புவேன் என்றேன். ஒரு நிபந்தனை: முதல் நாளே மூன்லைட் சாலையில் என்ன நடந்தது என்பதை, கூட்டாளிகளை இழுக்காமல், அவர் வாயாலேயே பையன்களுக்குச் சொல்ல வேண்டும். "பதினேழு வருஷமா சொல்லிட்டுத்தானே இருக்கான்" என்று அம்மா கோபப்பட்டார். மரியெட்டாக்காரர், சொன்னாலும் தன் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்றார். பரிசாரகர் பில்லைக் கொண்டுவந்து வைத்தபிறகும் மூவரும் பேசிக்கொண்டிருந்தோம்.