ஒற்றைப்படை மதகின் ஆண்டு

நீலகிரியில் பிறக்கும் பவானி கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடியைத் தொட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடும். வழியில் பில்லூரில் கோவைக்குக் குடிக்கக் கொடுத்து, மேட்டுப்பாளையம் தாண்டி, பவானிசாகர் அணையில் மோயாற்றோடு சேரும். 1955-ல் கட்டி முடித்த இந்த 105 அடி அணையில் இருந்து கிளம்பும் தண்ணீருக்கு எங்கே, எப்போது, எத்தனை நாள் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும்.

ஆற்றோடு போகிற பங்கு கொடிவேரிக்கும் காளிங்கராயனுக்கும். பழைய பாசனம், முன்னுரிமை அதற்குத்தான். இன்னொரு பங்கு கீழ்பவானி வாய்க்காலில் புகுந்து, மேட்டுச் சரிவை ஒட்டி வளைந்து வளைந்து சுமார் 200 கிலோமீட்டர் போய்க் கரூர் மாவட்டத்தைத் தொடுகிறது. பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர்.

அத்தனைக்கும் சேர்த்து நெல்லுக்குத் தண்ணீர் காணாது. அதனால் மதகுகளுக்கு எண் போட்டு, ஆயக்கட்டை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆகஸ்ட் 15-ல் திறந்தால் 120 நாள், நொடிக்கு 2,300 கன அடி. ஒரு பாதியில் நெல் விளையும். மறுபாதிக்கு ஜனவரியில் புன்செய்த் தண்ணீர், கடலைக்கும் எள்ளுக்கும் விட்டு விட்டு நனைப்பு. அடுத்த ஆண்டு இரண்டும் இடம் மாறும். பனாமாக் கால்வாயில் கப்பல்கள் முறை வைத்து மதகுக்குக் காத்திருக்கின்றன. இங்கே காத்திருப்பது நிலம். பக்கத்துக் காட்டில் நாற்று நடும்போது தன் வரப்பில் சும்மா நிற்பது லேசான காரியமில்லை. அடுத்த போகம் தனக்கு என்ற உறுதி இருப்பதால்தான் நிற்க முடிகிறது.

மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் சாவி போட்டுத் திருகுக் கம்பியைச் சுற்றுகிறார். ஷட்டர் விரல் விரலாக எழும்புகிறது. முதலில் வருவது செத்தையும் சருகும் கலந்த பழுப்புத் தண்ணீர். கிளை வாய்க்காலில் அது நிறைந்த பிறகு மண்வெட்டிக்காரர் பாடு. ராத்திரி எத்தனை மணியானாலும் தன் முறைக்கு மடையில் நிற்க வேண்டும்.

இந்தக் கணக்கில் எழுதாத தண்ணீரும் உண்டு. மண் கரை வழியாகக் கசிந்து, கீழே உள்ள கிணறுகளை நிரப்புவது அது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது ஊர்கள் இரண்டுபட்டன. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று ஒரு பக்கம், கிணறு வறண்டுவிடும் என்று மறுபக்கம். இரண்டுமே உண்மையான கவலைதான். என் மனசு கிணற்றுக்காரர் பக்கம். உடைந்த மதகையும் பலவீனமான கரையையும் செப்பனிட்டுக் கடைமடைக்கு உரியதைக் கொடுக்கலாம். முழு நீளத்துக்கும் கான்கிரீட் போட்டால், கசிவை நம்பித் தென்னை வைத்தவருக்கு எந்த மதகும் திறக்காது.