ஸ்டார்ட் ஆகாத டிவிஎஸ் 50 - ஒரு சிறு வரலாறு

ஒகேனக்கல் என்றவுடன் எல்லோருக்கும் அருவி, பரிசல், மீன் வறுவல், எண்ணெய்க் குளியல் இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். அருவிக்குப் போய்ச் சேர்கிற பாதையை யாரும் யோசிப்பதில்லை. பென்னாகரம் தாண்டியதும் சாலை காட்டுக்குள் இறங்க ஆரம்பிக்கும். வளைவு வளைவாக இறங்கி காவிரிக் கரையில் போய் நிற்கும். யானை நடமாட்டம் உள்ள காடு. வழியில் ஒரு பஞ்சர் கடை கூடக் கிடையாது. பொழுது சாய்கிற நேரத்தில், பின்னால் மீன் கூடையைக் கட்டிக் கொண்டு இந்த ஏற்றத்தில் ஏறி வருகிற ஒருவரின் மொபெட் பொசுக்கென்று நின்று விட்டால்? ரிப்பேர் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். அதனால்தான் அந்தப் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் அரை மெக்கானிக்!

வேடிக்கை என்னவென்றால், அந்த மொபெட்டும் இதே மாவட்டத்தில் பிறந்ததுதான். 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி மாவட்டம் உருவானபோது ஓசூர் இதில்தான் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனபோதுதான் ஓசூர் அங்கே போனது. அந்த ஓசூரில் 1980-ல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் வெளியிட்டதுதான் டிவிஎஸ் 50. அதற்கு முன்பும் மொபெட்கள் இருந்தன. திருப்பதியில் தயாரான சுவேகா, 1972-ல் வந்த கைனடிக் லூனா என்று. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மாதிரி செய்யப்பட்ட முதல் இந்திய மொபெட் டிவிஎஸ் 50 தான் என்பது கம்பெனியின் பெருமை. இரண்டு பேருக்கு என்று செய்த வண்டியில் நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர், ஒரு மூட்டை, நாலு கோழி என்று ஏற்றினார்கள். அது தனிக் கதை.

வண்டியின் உள்ளே இருந்தது ஐம்பது சிசி இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். இதன் அடிப்படை அமைப்புக்கு ஜோசப் டே என்ற ஆங்கிலேயர் 1891-லேயே காப்புரிமை வாங்கி விட்டார். இதில் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் போல வால்வுகள் கிடையாது. பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸே ஒரு பம்பு மாதிரி காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சி மேலே தள்ளும். பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் வேண்டிய ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து விட வேண்டும். பாகங்கள் குறைவு, விலை குறைவு, எடை குறைவு. ஆனால் கலந்த ஆயிலும் சேர்ந்து எரிவதால் புகை. ஒகேனக்கல் என்ற கன்னடப் பெயருக்கே புகையும் கல் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அருவிச் சாரலைப் பார்த்து வைத்த பெயர் அது, மொபெட்டைப் பார்த்து அல்ல :)

சரி, ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன பார்ப்பார்கள்? முதலில் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, டேப் ரிசர்வில் திரும்பியிருக்கிறதா. சிரிக்க வேண்டாம், பாதி கேஸ் இதிலேயே முடிந்து விடும். அடுத்து கார்புரேட்டருக்குப் போகிற டியூபைக் கழற்றிப் பார்ப்பார்கள். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்க் மூடியைத் திறந்து விட்டு மறுபடி பார்ப்பார்கள். மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அடைத்துக் கொண்டால் டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் கீழே இறங்காது. பம்பு எதுவும் இல்லாமல் வெறும் புவியீர்ப்பை நம்பி இருக்கிற ஏற்பாடு அல்லவா.

அதற்குப் பிறகுதான் ப்ளக். இந்த முழு வைத்தியத்தில் புத்திசாலித்தனமான இடமே இதுதான். இருபது தடவை பெடலை மிதித்து விட்டு ப்ளக்கைக் கழற்றினால் அதுவே பதில் சொல்லி விடும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, கார்புரேட்டரைப் பார். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, ஒன்று கரண்ட் இல்லை அல்லது ஓவர்ஃப்ளோ. கேப்பை மாட்டி ப்ளக்கின் உடம்பை இன்ஜினில் வைத்து, சிந்திய பெட்ரோல் பக்கம் போகாமல், ஒரு மிதி மிதித்தால் நீல நிறத்தில் பொறி வர வேண்டும். வராவிட்டால் ப்ளக்கின் இடைவெளியில் கரி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆயிலைத் தாராளமாக ஊற்றுகிற ஆட்களின் வண்டியில் இது அடிக்கடி நடக்கும். ஒரு துண்டு எமரி பேப்பர் போதும். நல்ல ப்ளக் ஒன்றைப் பழைய துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருப்பவர்களும் உண்டு. ஒரு ஐம்பது சிசி இன்ஜினின் மொத்தக் கோளாறையும் ஈரமா காய்ந்ததா என்ற ஒரே கேள்வியில் இரண்டாகப் பிரிக்க முடிகிறது. எந்தப் பாடப் புத்தகமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தராது.

கார்புரேட்டரில்தான் வேலை ஜாஸ்தி. அடியில் உள்ள கிண்ணத்தில் மிதவை ஒன்று இருக்கும். பெட்ரோல் நிறைந்ததும் அது மேலே எழும்பி ஊசியை அழுத்தி வழியை அடைக்கும். ஊசியில் தூசி சிக்கினால் ஓவர்ஃப்ளோ. வண்டியை மாசக் கணக்கில் நிறுத்தி வைத்தால் பெட்ரோல் ஆவியாகிப் போய் பிசின் மாதிரி ஒன்று ஜெட்டில் படியும். ஜெட்டின் ஓட்டை தலைமுடி அளவுதான். வாயால் ஊதியோ காற்றடித்தோ சுத்தம் செய்வது சரி. கிளட்ச் கேபிளில் ஒரு கம்பியைப் பிய்த்து உள்ளே விட்டுக் குடைவது தவறு. ஓட்டை பெரிதாகி விட்டால் அப்புறம் வண்டி பெட்ரோலைக் குடிக்க ஆரம்பிக்கும்.

இது தர்மபுரிக்கு மட்டும் உரிய தலைவலி இல்லை. கனடாவில் பம்பார்டியர் 1959-ல் ஸ்கி-டூ என்ற பனி வண்டியை விற்க ஆரம்பித்தார். 1960-களில் அதில் ரோடாக்ஸ் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்கள் வந்தன. அந்த ஊரில் வண்டி தூங்குவது வெயில் காலத்தில். பனி விழுந்ததும் வெளியே எடுத்தால் அதே பிசின், அதே அடைத்த ஜெட், அதே நனைந்த ப்ளக். மலை ஏறுகிறவர்கள் உயரத்துக்கு ஏற்ப ஜெட்டையே மாற்றுவார்கள். இங்கேயும் அந்தக் கணக்கு கொஞ்சம் உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர், ஒகேனக்கல் சுமார் 250 மீட்டர். கீழே ட்யூன் செய்த வண்டிக்கு மேலே காற்று சற்றுக் குறைவு, அதனால் கலவையில் பெட்ரோல் சற்று அதிகம். சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஏற்கனவே கரி பிடித்த ப்ளக்குக்கு அது போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் உண்டு. அங்கேதான் அனுபவம் பேசும். கிராங்க் கேஸே பம்பு என்பதால் அதன் ஆயில் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே வரும், உறிஞ்சும் சக்தி போய் விடும். இன்னொரு பக்கம் சைலென்சர். வருடக் கணக்கில் கரி படிந்து புகை போக வழியில்லாவிட்டால் புதுக் கலவை எப்படி உள்ளே வரும்? சைலென்சரைக் கழற்றி நெருப்பில் போட்டுச் சுட்டுத் தட்டி எடுப்பது அந்தக் கால ரோட்டோர மெக்கானிக்குகளின் வைத்தியம்.

இந்த இன்ஜினின் காலத்தை முடித்தது மாசுக் கட்டுப்பாடு. 1991-ல் தொடங்கிய விதிகள் 1996, 2000 என்று இறுகிக் கொண்டே வந்தன. எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு நேராக சைலென்சர் வழியாக வெளியேறுவது இரண்டு ஸ்ட்ரோக்கின் பிறவிக் குணம். அதை வைத்துக் கொண்டு எவ்வளவு நாள் தாக்குப் பிடிக்க முடியும்? 2015-ல் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸ்எல் 100 வந்தது. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6. பிஎஸ்-6 உடன் மொபெட்டிலேயே கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்து விட்டது. புதுசு காலையில் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆகிறது, மறுக்க முடியாது. ஆனால் அதன் சென்சாரில் கோளாறு என்றால் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கென்று உள்ள கருவியை மாட்ட வேண்டும். அந்தக் கருவி காட்டுச் சாலையில் யாரிடம் இருக்கும்?

பழைய வண்டிகள் இன்னும் சாகவில்லை. அவற்றுக்கு இப்போது புதுச் சிக்கல் பெட்ரோலிலேயே வருகிறது. 2025-ல் நாட்டில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் தண்ணீரை இழுத்துக் கொள்ளும். தண்ணீர் அதிகமானால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்த அடித் தண்ணீர்தான். பழைய ரப்பர் டியூபும் வாஷரும் சீக்கிரம் உப்பிப் போகும். அதனால் பழைய டிவிஎஸ் 50 வைத்திருப்பவர்கள் வண்டியை ரொம்ப நாள் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வடித்து விடுவது நல்லது. அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாவிட்டால், டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்த்தால் போதும். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் கோளாறு வண்டியில் இல்லை, பெட்ரோலில்.