ஜூ டவுனில் சனிக்கிழமை

1996 செப்டம்பர் 17, கொச்சி, அவென்யூ ரீஜென்ட் ஓட்டல். ‘செம்மீன்’ எழுதிய தகழி சிவசங்கரப் பிள்ளை ஒரு கைபேசியைக் காதில் வைத்து, தென் பிராந்தியக் கடற்படையின் தளபதியாக இருந்த வைஸ் அட்மிரல் ஏ.ஆர். டாண்டனிடம் பேசினார். எஸ்கோடெல் நிறுவனத்தின் தொடக்க விழா. கேரளத்தில் செல்போனில் போன முதல் அழைப்பு அதுதான்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஒருவேளை சனிக்கிழமையாக இருந்து, அந்தக் கருவியைக் காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரிக்குக் கொண்டுபோயிருந்தால், ஒரு தெருவில் சில வீடுகளில் அதைக் கையால் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். செல்போன் மீது அவர்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. சனிக்கிழமை அவர்கள் தீக்குச்சியையும் தொட்டதில்லை, பணத்தையும் தொட்டதில்லை.

ஜூ டவுன் என்று பெயர்ப்பலகையில் இருக்கும் அந்த யூதர் தெருவுக்கு இப்போது போகிறவர்கள் பழம்பொருள் கடைகளையும் வாசனைத் திரவியங்களையும் பார்க்கப் போகிறார்கள். தெருக்கோடியில் பரதேசி ஜெப ஆலயம். 1568-இல் கட்டியது. கொச்சி அரசரின் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு ஒட்டுச்சுவர் தூரத்தில், அரசர் கொடுத்த நிலத்தில் நிற்கிறது. 1662-இல் போர்த்துகீசியர் அதைக் கொளுத்தினார்கள். அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள், ஆலயம் மீண்டும் எழுந்தது. கொச்சி யூதர்களுக்கு வந்த நல்ல காலம் டச்சுக் காலம்தான். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் முதன்மை வணிகராக இருந்த எசக்கியேல் ரஹாபி 1760-இல் ஆலயத்துக்கு மணிக்கூண்டு கட்டினார். சீனாவின் கான்டனிலிருந்து நீல ஓடுகளை வரவழைத்துத் தரையில் பதித்ததும் அவர் காலத்தில்தான். மணிக்கூண்டின் கடிகார முகங்களில் ஹீப்ரு, ரோமன், மலையாளம் என்று வேறுவேறு இலக்கங்கள். துறைமுக ஊரில் நேரம் என்பது சரக்கு. கப்பல் எப்போது வரும், மிளகு என்ன விலைக்குப் போகும் என்பதை முதலில் அறிந்தவர் பிழைத்தார். அப்படிப்பட்ட ஊரில், வாரத்தில் ஒரு நாள் விலையே கேட்காமல் இருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அந்த ஒரு நாள் சபாத். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு ‘ஓய்வுநாள்’ என்று தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை சூரியன் விழும்போது தொடங்கும். சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்தால் முடியும். இடைப்பட்ட நேரத்தில் செய்யக் கூடாதவை என்று யூத மரபு 39 வகை வேலைகளை எண்ணி வைத்திருக்கிறது. உழுவது, நெய்வது, எழுதுவது, தீ மூட்டுவது, தீயை அணைப்பது எல்லாம் அதில் அடக்கம். கொடுக்கல் வாங்கலும் கிடையாது.

இந்த நாளுக்கு அக்கம்பக்கத்தாரும் பழகிக்கொண்டார்கள். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் கொச்சி அரசர் அண்டை அரசர் ஒருவரோடு போரிட்டபோது, சனிக்கிழமை தாக்கலாம் என்று போர்த்துகீசியர் சொன்னார்களாம். என் யூத வீரர்கள் அன்று சண்டை போட மாட்டார்கள், ஆகவே வேண்டாம் என்று அரசர் மறுத்துவிட்டாராம். கொச்சி யூதர் வரலாற்றை எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி இது. கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் ஒரு சிறுபான்மையினரின் விடுமுறைக்காகப் போரையே தள்ளிவைத்தார் அரசர் என்று நம்புகிற அளவுக்கு அந்த ஊரில் அந்த நாளுக்கு மரியாதை இருந்திருக்கிறது.

சனிக்கிழமை சும்மா இருப்பதற்கு வெள்ளிக்கிழமை முழுக்க ஓட வேண்டியிருந்தது. சமையல் பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டும். சூடாக ஏதாவது வேண்டுமானால் முதல்நாளே அடுப்பில் ஏற்றித் தணலில் விட்டுவிட வேண்டும். அன்றைய பிரார்த்தனைக்குத் திராட்சை ரசம் தேவை. மத விதிப்படி தயாரித்த ஒயின் கொச்சியில் கிடைக்காததால் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சி வீட்டிலேயே ரசம் எடுத்தார்கள். இந்த ஓட்டமெல்லாம் பெண்கள் தலையில்தான் விழுந்தது. ஓய்வுநாளைப் பற்றிச் சிலாகித்து எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை எழுதுவதில்லை.

கடைசி வேலை விளக்கு. கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், அதன்மேல் தேங்காய் எண்ணெய், நடுவில் திரி. பொழுது விழுமுன் ஏற்றினால் எண்ணெய் உள்ளவரை எரியும். இடையில் எண்ணெய் விடக் கூடாது, திரியைத் தூண்டக் கூடாது. எத்தனை நேரம் வெளிச்சம் வேண்டும் என்பதை முன்கூட்டியே அளந்து ஊற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே சுமார் 1800 ஆண்டுப் பழமையான ஒரு விதி வருகிறது. மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் இருப்பது. சபாத் இரவில் எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்து படிக்கக் கூடாது என்கிறது. படிப்பது பாவமா? இல்லை. படித்துக்கொண்டே இருப்பவனுக்கு வெளிச்சம் மங்கினால், தன்னை அறியாமல் கை நீண்டு விளக்கைச் சாய்த்துவிடும். எண்ணெய் திரிக்கு ஓடி வரும், தீ வளரும், விதி உடையும். நான் கவனமாக இருப்பேன் என்றார் ரபி இஸ்மாயேல் பென் எலிஷா என்ற மதகுரு. படிக்க உட்கார்ந்தார், விளக்கைச் சாய்க்கப் போனார். பிறகு, முன்னோர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத் இந்தக் கதையை ஒளிக்காமல் பதிவு செய்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது: இரண்டு பேர் சேர்ந்து ஒரே பாடத்தைப் படித்தால் தடையில்லை. ஒருவர் கை நீண்டால் மற்றவர் பார்த்துச் சொல்வார்.

செல்போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் எதற்கென்று தெரியாமலே எடுத்துப் புரட்டிய யாருக்கும் ரபியின் கதை புதிதாக இருக்காது. மனக்கட்டுப்பாடு இல்லாதவர்களுக்காக அந்த விதியை எழுதவில்லை. கட்டுப்பாட்டில் தேர்ந்தவர் என்று பேர் வாங்கியவரின் கையே பழக்கத்துக்கு அடிமை என்று தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார்கள்.

மின்சாரம் வந்தபோது சிக்கல் கூடியது. கொச்சியில் மின்சாரம் வழங்க அரசிடம் உரிமம் பெற்று நடத்தியது ஜூ டவுனோடு உறவுள்ள கோடர் குடும்பம். ஊருக்கே வெளிச்சம் விற்ற சமூகம் வெள்ளி இரவு சுவிட்சைத் தட்டலாமா? பல்பின் இழை சிவப்பது தீ மூட்டுவதாகுமா என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூத உலகம் முழுவதும் மத அறிஞர்கள் வாதிட்டார்கள். காரணத்தில் ஒத்துப்போகவில்லை. தொட வேண்டாம் என்ற முடிவில் மட்டும் வைதீகத் தரப்பு ஒன்றாக நின்றது. டெலிபோன், ரேடியோ, டெலிவிஷன், பின்னாளில் செல்போன் என்று வந்த ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் தானாகச் சேர்ந்துகொண்டது. அதற்காக வெள்ளி இரவுகள் வெறிச்சோடிக் கிடக்கவில்லை. சமூகத்தின் தலைவராக இருந்த சத்து கோடரின் ஃபோர்ட் கொச்சி வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் விருந்தினர் கூட்டம்தான்.

ஆனால் அந்த ஓய்வில் எல்லாருக்கும் சம இடம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பரதேசி ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு உள்ளே பெஞ்சில் உட்கார அனுமதியில்லை. அந்த வகுப்பில் பிறந்து, சென்னையில் படித்து வழக்கறிஞரான ஏ.பி. சேலம் (1882–1967), காந்தியிடம் கற்ற சத்தியாகிரகத்தை ஆலயத்துக்குள்ளேயே நடத்தினார். யூத காந்தி என்று பேர் வாங்கினார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அதே மட்டாஞ்சேரியில் 1912-இல் பிறந்த ரூபி டேனியல் 1995-இல் வெளியிட்ட நினைவுநூலில் இந்த உள்வேற்றுமைகளை மறைக்கவில்லை.

1948-இல் இஸ்ரேல் உருவானபோது கொச்சி யூதர்கள் சுமார் 2,500 பேர். 1950-களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். பரதேசி ஆலயத்தைச் சேர்ந்த யூதர்கள் சிலர் தங்கினார்கள். 1968 டிசம்பரில் ஆலயத்தின் 400-ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியானது. அதன் பிறகு ஆள் குறைந்துகொண்டே போனது. கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்தை நிறைக்கச் சுற்றுலா வந்த யூதர்களை எதிர்பார்க்கும் நிலை வந்தது. ஜூ டவுனில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019-இல் 96 வயதில் காலமானார். சத்து கோடரின் மகள் குவீனி ஹலேகுவா 2024 ஆகஸ்டில் 89 வயதில் மறைந்தார்.

ஜூ டவுனில் சபாத் மங்கிய அதே காலத்தில் வேறு ஊர்களில் அது மதச்சாயம் கழன்று திரும்பி வந்தது. அமெரிக்காவில் ரீபூட் என்ற யூதக் கலாசார அமைப்பு 2010-இல் ஒரு நாள் எல்லாத் திரைகளையும் அணைத்து வைக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014-இல் தொழில்நுட்பப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கென்றே ‘ஷட் கிளினிக்’ என்ற சிகிச்சைப் பிரிவைத் திறந்தது. 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. வாசலில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகும் பழக்கம் பல கோயில்களில் வந்துவிட்டது. உள்ளே ஒருவர் கையிலும் போன் இல்லை என்பதால் யாருக்கும் அது பெரிய தியாகமாகத் தெரிவதில்லை.

இவற்றில் மட்டாஞ்சேரி முறைக்கு மிக அருகில் வருவது மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் உள்ள வட்கான் கிராமம். 2022 ஆகஸ்ட் 15 முதல் அங்கே தினமும் மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கிறது. வீடுகளில் டி.வி.யும் செல்போனும் அணைகின்றன. பிள்ளைகள் புத்தகத்தை எடுக்கிறார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 8:30-க்கு மறுபடி சைரன், தடை விலகுகிறது. கொரோனா கால ஆன்லைன் வகுப்புகளில் போனுக்குப் பழகிய பிள்ளைகள் பள்ளி திறந்த பிறகும் அதை விடவில்லை என்று கண்ட ஊர்க்காரர்கள், கிராம சபையில் கூடி எடுத்த முடிவு அது.

நம் கையில் இருக்கும் போனிலேயே நேரக்கட்டுப்பாடு வைக்க வசதி இருக்கிறது. 30 நிமிடம் ஆனதும் திரையை மூடும், பக்கத்திலேயே ‘இன்னும் 15 நிமிடம்’ என்ற பொத்தானையும் காட்டும். ரபி இஸ்மாயேலைத் தனியாக விளக்கருகில் உட்கார வைக்கும் ஏற்பாடு இது, தோற்பதற்கென்றே செய்தது. சாங்லி சைரனும் கோயில் டோக்கனும் எவ்வளவு கரடுமுரடாகத் தெரிந்தாலும், எல்லாரும் சேர்ந்து கடைப்பிடிப்பதால் அவையே மேல். ஜூ டவுன் அந்த வழியில்தான் நூற்றாண்டுக் கணக்கில் சனிக்கிழமைகளைக் காப்பாற்றியது.

மட்டாஞ்சேரிக்குப் போக நினைப்பவர்கள் நாள் பார்த்துப் போவது நல்லது. தெருவில் யூதக் குடும்பங்கள் இல்லாமல் போனாலும் ஜெப ஆலயம் சனிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை.