இகரத்தின் இரண்டு இருக்கைகள்: வேற்று இயங்குதளத்தில் தமிழ் நிரல்கள்

விண்டோஸுக்கென இயற்றப்பட்ட தமிழ் நிரல்கள் லினக்ஸில் ஓடாமையே தமிழ்நாட்டின் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அச்சுக் கடைகளிலும் லினக்ஸ் வேரூன்றாமைக்குத் தலையாய காரணம் என்றொரு அபிப்பிராயம், 2006ஆம் ஆண்டை அடுத்து எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்ற முனைந்த காலந்தொட்டு, மறுபரிசீலனைக்கு உட்படாமலே ஆய்வுலகில் வழங்கி வருகிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் அருகருகே நிறுவி மாணவர் கையில் தரப்பட்டதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கணினியை அணைத்துத் திரும்பத் தொடங்கவேண்டியிருந்ததும், அந்த அபிப்பிராயத்துக்கு அரசாங்க முத்திரையும் இட்டுவிட்டதுபோல் ஆயிற்று. வைன் போன்ற இடைநிலை ஏற்பாடுகளைப் பற்றி எழுதியவர்களும், அவை தமிழுக்கு உதவாமற் போயின என்ற முடிவை ஒரு வரியில் கூறிவிட்டு மேலே சென்றார்களேயன்றி, எந்த இடத்தில் உதவாமற் போயின என்று நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. அவ்வாறு நின்று பார்த்தால், தடை நிரலுக்கும் இயங்குதளத்துக்கும் இடையில் இருந்ததன்று என்பதும், ஓர் எண்ணுக்கு இன்ன எழுத்து என்று ஒவ்வோர் அடுக்கும் தானாகக் கொண்டிருந்த அனுமானத்தில்தான் இருந்தது என்பதும் புலனாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு நான் முதன்மைச் சாட்சியாகக் கொள்வது, வைனின் மூல நிரலையன்று. லினக்ஸையே முன்னிறுத்தாமல் உருவான திஸ்கி என்னும் எட்டுநுண்மிக் குறியேற்றத்தின் 1.7ஆம் பதிப்பு அட்டவணையை. லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரமும், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனும், இன்னும் பல நாடுகளிலிருந்த தமிழ்க் கணிப்பணியாளரும் மின்னஞ்சல் வழியே விவாதித்து வகுத்த அந்த அட்டவணையில் உயிரெழுத்துகள் பன்னிரண்டும் 171 முதல் 182 வரை வரிசை பிறழாமல் அமர்ந்திருக்கின்றன: 171இல் அகரம், 172இல் ஆகாரம், 173இல் இகரம், 174இல் ஈகாரம் என்று. ஆயின் இகரத்துக்கு மட்டும் அட்டவணையின் கடைக்கோடியில், 254இல், இரண்டாவதாகவும் ஓர் இருக்கை தரப்பட்டிருக்கிறது. ஓர் எழுத்துக்கு ஓர் எண் என்பது குறியேற்றத்தின் முதல் விதியாக இருக்க, 256 இடங்களுக்குள் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்து அடக்கவேண்டிய நெருக்கடியில், ஓர் இடத்தை இப்படி இரட்டிப்பாகச் செலவிட்டிருப்பதை, குழு விவாதங்களில் தவிர்க்கவியலாத சமரசத்தின் அடையாளமாகவோ வெறும் கவனக்குறைவாகவோதான் முந்திய ஆய்வாளர் கண்டனர்.

இந்த வாசிப்பை ஏற்க என்னால் இயலவில்லை. 173 என்னும் எண், லத்தீன் எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1 தரத்திலும், விண்டோஸ் கைக்கொண்ட 1252ஆம் குறித்தாளிலும், மென்கோடு எனப்படுவதன் எண். சொல் வரியின் இறுதியில் முறிந்தாலொழியக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு அது. தமிழுக்கென எட்டுநுண்மி இயல்புக் குறித்தாள் எதையும் விண்டோஸ் வகுக்கவில்லையாதலால், தமிழ் எழுத்துருக்கள் யாவும் தம்மை மேற்கு ஐரோப்பிய எழுத்துருக்களாக அறிவித்துக்கொண்டே உள்ளே புக வேண்டியிருந்தது. அப்படிப் புகுந்த பின், 173 என்ற எண்ணைக் கண்ட உலாவிகளில் சில அதை எழுத்தாக வரைந்தன, சில மென்கோடாகக் கருதி மறைத்தன. மறைத்த இடத்தில் 'இது' என்பது 'து' ஆயிற்று. 'இல்லை' என்பது 'ல்லை' ஆயிற்று. சொல்லின் முதலில் இகரம் எத்துணை மிகுதியாக வருமென்பதை அறிந்தவர்க்கு இந்த இழப்பு அற்பமன்று என்பது விளங்கும். அதே எண், மாக்கின்டாஷ் கணினியின் ரோமன் குறித்தாளில் சமமின்மைக் குறிக்கு உரியது. அங்கே எவரும் அதை மறைக்க முற்படமாட்டார். ஆகவே ஒரே கோப்பு, ஒரே எண், ஒரே எழுத்துரு வடிவமைப்பு. இயங்குதளமும் அதன்மேல் ஓடிய நிரலும் அந்த எண்ணை என்னவென்று எண்ணின என்பதைப் பொறுத்து இகரம் தோன்றியது அல்லது மறைந்தது. 254இல் வைக்கப்பட்ட இரண்டாம் இகரம், இந்த இடரை நேரில் கண்டவர்கள் செய்த பரிகாரமென்றே கொள்ளத் தோன்றுகிறது.

அட்டவணையை வகுத்தவர் உள்ளத்தை அட்டவணையிலிருந்தே ஊகிப்பது ஆபத்தான காரியம் என்பதை மறுக்கவில்லை. எனினும் சாட்சியம் இந்த ஓரிடத்தில் மட்டும் நிற்கவில்லை. 160ஆம் இடம், வரி முறியாத வெற்றிடத்துக்கென விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. தமிழெழுத்து எதுவும் அங்கே இல்லை. 169ஆம் இடம் பதிப்புரிமைக் குறிக்கே உரியதாய் விடப்பட்டிருக்கிறது. 145 முதல் 148 வரை உள்ள நான்கு இடங்களும், விண்டோஸின் சொற்செயலிகள் பயனரைக் கேளாமலே செருகும் வளைந்த மேற்கோட்குறிகளுக்குத் தரப்பட்டிருக்கின்றன. அவற்றில் தமிழெழுத்து இருந்திருக்குமாயின், மேற்கோள் இடும்போதெல்லாம் அங்கே ஏதோவொரு தமிழெழுத்து முளைத்திருக்கும். இடநெருக்கடி மிகுந்த ஓர் அட்டவணையில் இத்தனை இடங்கள் விட்டுக்கொடுக்கப்பட்டிருப்பது, இரட்டை இகரத்தோடு சேர்த்து வாசிக்கப்படும்போது, ஒரே நோக்கத்தின் பல வெளிப்பாடுகளாகத் தெரிகிறது: தாம் அறியாத இயங்குதளங்களில், தமிழை அறியாத நிரல்களினூடே, தமிழ் பிழையின்றிக் கடந்து செல்ல வேண்டும் என்பதே அந்நோக்கம். கவனக்குறைவு என்பதற்கு இதைவிடக் கவனம் மிகுந்த ஓர் எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இனி வைனுக்கு வருவோம். 1993இல் தொடங்கி, மறு ஆண்டிலிருந்து அலெக்ஸாந்தர் ஜூலியாரின் பொறுப்பில் வளர்ந்த அந்த மென்பொருள், விண்டோஸ் நிரலின் கட்டளைகளைச் செயலியே நேராக நிறைவேற்ற விட்டு, அந்நிரல் இயங்குதளத்தை விளிக்கும் இடங்களில் மட்டும் தானே மறுமொழி கூறுகிறது என்பதை இத்துறையினருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. எழுத்தை வரையும் விளியும் அத்தகைய விளிகளுள் ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த கோப்பொன்றை ஒரு விண்டோஸ் சொற்செயலி திறக்குமாயின், அது வைனிடம் கேட்பதெல்லாம், ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கு எழுத்துருவில் உள்ள வடிவங்களை இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டு போ என்பதுதான். 'ஜே' விசைக்கு 'த', 'கே' விசைக்கு 'ம', அரைப்புள்ளிக்குப் புள்ளி. கொம்பு தனியே முன்னால் தட்டப்பட்டிருக்கும், கால் தனியே பின்னால் தட்டப்பட்டிருக்கும். தமிழை அறிந்திருக்க வேண்டிய கடமை இயங்குதளத்துக்கு இல்லை. எனவே அறியாத இயங்குதளத்தாலும் கேடில்லை.

அண்ணாகிராமம் ஒன்றியத்து ஊர்களுக்குத் திருமண அழைப்பிதழும் கோயில் திருவிழா நோட்டீசும் வடிவமைத்துக் கொடுக்கும் பண்ணுருட்டி டிடிபி கடையொன்றிலிருந்து பெற்ற பழைய பாமினிக் கோப்பை, அதே வட்டாரத்துப் பள்ளி மாணவரொருவருக்கு அரசு வழங்கிய மடிக்கணினியின் பாஸ் லினக்ஸ் பக்கத்தில், வைனின் மேல் ஓடும் விண்டோஸ் சொற்செயலியில் திறந்து பார்த்தேன். மணமக்கள் பெயரும், முகூர்த்த நேரமும், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன்கீழ் நிரலாக நின்ற உறவினர் பட்டியலும் எழுத்துப் பிசகாமல் வந்தன. அக்கோப்பில் புதிதாக ஒரு வாக்கியத்தைக் 'கடலூர்' என்று தொடங்கித் தட்டியபோதுதான் விசேஷம் நிகழ்ந்தது: வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆங்கில வழக்கப்படி, சொற்செயலி சிறிய 'எப்'பைப் பெரிய 'எப்'பாகத் திருத்தியது, பாமினியில் சிறியது ககரம், பெரியது குகரம், ஊர் 'குடலூர்' ஆகிவிட்டது. இதே விபரீதம் மடிக்கணினியின் விண்டோஸ் பக்கத்திலும் நிகழ்ந்தது. லினக்ஸில் வைனின்றி நேராக ஓடும் ஓப்பன் ஆபீஸிலும் நிகழ்ந்தது. மூன்றிடத்தும் ஒரே பிழை நேர்ந்ததாயின், அப்பிழையை இயங்குதளத்தின் எல்லையில் தேடுவது எவ்வாறு பொருந்தும்? எழுதுவது ஆங்கிலம் என்று நிரல் கொண்ட அனுமானம், அது எங்கே ஓடினாலும் அதனுடனேயே ஓடுகிறது.

இதற்கு நேர்மாறானது ஒருங்குறியின் வரலாறு. எந்த இயங்குதளத்துக்கும் கட்டுப்படாத தரம் என்ற புகழுடன் வந்த ஒருங்குறி, தமிழைப் பொறுத்தவரை முதற் பத்தாண்டில் இயங்குதளத்தின்மேல் மிகக் கனமான கடமையைச் சுமத்தியது. 'கொ' என்பதை அது ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என்ற வரிசையில் சேமிக்கிறது. திரையில் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பிரித்து வைப்பது, 'கு', 'கூ' முதலியவற்றுக்கு உரிய தனி வடிவைத் தேர்வது ஆகிய வேலைகள் வேறொரு பொறியின் தலையில் விழுகின்றன. விண்டோஸ் குடும்பத்தில் அப்பொறி யூனிஸ்கிரைபு; தமிழை அது முதன்முதலாக வரைந்தது விண்டோஸ் 2000இல், லதா எழுத்துருவுடன். விண்டோஸ் எக்ஸ்பியிலும்கூட, பிராந்திய அமைப்புப் பகுதிக்குச் சென்று சிக்கலெழுத்து மொழிகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற பெட்டியைக் குறியிட்டு, நிறுவல் குறுந்தகட்டையும் இட்டாலன்றித் தமிழ் நேராகாது. குறுந்தகடு எங்கே என்று தேடிய அலுவலகங்கள் பல. 2008 ஜூன் 17இல் வெளிவந்த வைனின் 1.0 பதிப்பில் இந்திய எழுத்துகளுக்கான இவ்வேலையைச் செய்யும் பகுதி இல்லை. விளைவாக, தரமற்றது என்று ஏசப்பட்ட பாமினிக் கோப்பு வைனில் செவ்வனே தோன்ற, தரம் என்று போற்றப்பட்ட ஒருங்குறிக் கோப்பு கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைந்து தோன்றும் விசித்திரம் நேர்ந்தது. முந்திய ஆய்வாளர் வைன் தமிழுக்கு உதவாது என்று கூறியது பெரும்பாலும் இந்தச் சிதைவைக் கண்டுதான் என்று ஐயுறுகிறேன். நிரல் ஓடத்தான் செய்தது. ஓடிக்கொண்டே, தமிழைத் தவறாக எழுதியது.

விசைப்பலகையின் நிலை சற்று வேறு. இ-கலப்பை போன்ற உள்ளீட்டு நிரல்கள், விண்டோஸில் விசையழுத்தங்களை இடைமறிக்கும் கொக்கியின் வழியே செயல்படுவன. வைனில் அக்கொக்கி வைனுக்குள் ஓடும் நிரல்களின் அழுத்தங்களையே காணும், அருகில் ஓடும் லினக்ஸ் நிரலுக்குச் செல்லும் அழுத்தத்தைக் காணாது. இங்கே இயங்குதளத்தின் எல்லை மெய்யாகவே எல்லையாக நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸ் தன்னளவிலேயே பெற்றுவிட்டபடியால், இந்த ஒப்புதலால் என் வாதம் பெரிதும் குறைவுபடுவதாக நான் கருதவில்லை.

ஆட்சேபங்கள் சில எழக்கூடும். மெய்நிகர்க் கணினிக்குள் முழு விண்டோஸையும் நிறுவிவிட்டால் இச்சிக்கல் எதுவும் இல்லையே என்பர். வாடகை வீட்டுக்குள் இன்னொரு வாடகை வீட்டைக் கட்டுவதற்கு ஒப்பான அது, இயங்குதளத்தைக் கடப்பதாகாது, உடன் சுமப்பதே ஆகும். உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய 2010 ஜூன் 23இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டபின் இவையெல்லாம் பழங்கதை என்பர். ஆணை இனித் தட்டச்சிடப்படுவதை ஆளும், முன்பே தட்டச்சிட்டு வட்டுகளில் கிடப்பதை ஆளாது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்களுக்கு இந்த வாதம் பொருந்துமா என்ற கேள்வி இவற்றினும் வலியது. டாப் தமிழெழுத்துகளை மேற்பாதியில் மட்டும் வைத்து ஆங்கிலத்துக்கு இடம் விட்டது. டாம் ஆங்கிலத்தின் இடங்களையும் எடுத்துக்கொண்டது. ஆகவே குடலூர் வகை விபரீதம் பின்னதற்கு நேரக்கூடும். இவ்விரண்டின் அட்டவணைகளையும் திஸ்கியை வாசித்ததுபோல் இடம் இடமாக வாசித்த பிறகே உறுதி கூற முடியும். ஆயினும் முடிவு வேறாக இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

இரட்டை இகரத்தால் மற்றொரு பயனும் உண்டு. குனூ சி நூலகத்தில் உள்ள திஸ்கி மாற்றி, 173, 254 ஆகிய இரு எண்களையும் இகரமாகவே படித்து ஒருங்குறியாக்குகிறது. மாற்றியபின் எந்த இருக்கையிலிருந்து அந்த இகரம் வந்தது என்ற தடயம் அழிந்துவிடுகிறது. பழைய திஸ்கிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி மூலத்தை எறிந்துவிடும் வழக்கம் நூலகங்களிலும் தனியாரிடத்தும் பரவியிருக்க, ஒரு கோப்பில் இகரம் 173இல் மட்டும் வருகிறதா, 254இல் மட்டும் வருகிறதா, இரண்டும் விரவி வருகிறதா என்பது, அது எத்தகைய தட்டச்சு நிரலில் பிறந்தது, இடையில் வேறு நிரல்களின் கை பட்டதா என்பனவற்றை அனுமானிக்க இடந்தரும் ஒரு சுவடு. விரவி வரும் கோப்புகள், குறைந்தது இரு வேறு நிரல்களின் வழியே வந்தவையாதல் வேண்டும் என்பது என் துணிபு. இதைச் சோதிக்க வேண்டுமாயின், மாற்றப்பட்ட பாடங்களோடு மூலக் கோப்புகளையும் எண் திரியாமல் காத்துவைத்திருக்கும் ஒரு தொகுப்பு முதலில் தேவைப்படும்.