நகராத புள்ளி பிறந்த கதை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். விழுப்புரம் மாவட்டத்தின் வரைபடம் ஒன்றைக் கிளியனூரில் ஏதாவது ஒரு களத்தில் விரித்துப் போடுங்கள். வடக்கு தெற்கு பார்க்க வேண்டாம். தாள் எப்படி வேண்டுமானாலும் கோணலாகக் கிடக்கட்டும். அந்தத் தாளில் ஒரே ஒரு புள்ளி, தான் குறிக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும். படத்திலுள்ள மற்ற எல்லாப் புள்ளிகளும் தங்கள் இடத்தை விட்டு விலகிக் கிடக்க, அது மட்டும் விலகாது. இரண்டு புள்ளிகள் அப்படி அமையவும் வாய்ப்பில்லை, ஒன்றுகூட இல்லாமல் போகவும் வாய்ப்பில்லை.

அதைத் தேடிப் பிடிக்கவும் வழி உண்டு. செஞ்சியை எடுத்துக்கொள்வோம். படத்தில் செஞ்சி அச்சாகியிருக்கும் புள்ளிக்கு அடியில் களத்தின் ஏதோ ஒரு மண் இருக்கும். அந்த மண் படத்தில் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் புள்ளிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மறுபடியும் பார்க்க வேண்டும். படம் 1:50,000 அளவில் அச்சானது என்றால், 40 கிலோமீட்டர் தொலைவு முதல் தடவையிலேயே 80 சென்டிமீட்டராகிவிடும். அடுத்த தடவை, ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு. செஞ்சியில் தொடங்கினாலும் மரக்காணத்தில் தொடங்கினாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். கணிதத்தில் இதற்கு நிலைப்புள்ளி என்று பெயர். ஒரு செயலுக்கு உட்படுத்தியும் மாறாமல் இருக்கும் புள்ளி அது.

தோராயமான ஒரு விடையில் தொடங்கி, அதைத் திருத்தித் திருத்தி உண்மையான விடையை நெருங்கும் முறை மிகப் பழையது. பிரான்சின் எமில் பிகார் 1890-இல் அதைக் கொண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டு என்று நிறுவினார். ஆனால் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் தனித்தனியாக நிறுவ வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் பொதுக் காரணத்தைச் சொல்ல, முதலில் தூரம் என்றால் என்ன என்பதைப் பொதுவாகச் சொல்ல வேண்டும்.

அந்த வேலையை 1906-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் செய்தவர் மோரிஸ் ஃப்ரெஷே. எதை வேண்டுமானாலும் புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்: ஊர், எண், வளைகோடு, ஒரு முழுச் சார்பு. அவற்றுக்கு இடையிலான தூரம் மூன்று விதிகளுக்குக் கட்டுப்பட்டால் போதும். ஒரு புள்ளிக்கும் அதற்கும் உள்ள தூரம் பூச்சியம், இரு வேறு புள்ளிகளுக்கு இடையே பூச்சியமல்ல. போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்று. நேராகப் போவதைவிட வழியில் இன்னோர் ஊரைத் தொட்டுப் போவது குறையாது. இந்த மூன்றும் பொருந்திய இடத்துக்கு 1914-இல் ஃபெலிக்ஸ் ஹவுஸ்டார்ஃப் வைத்த பெயர்தான் மெட்ரிக் வெளி.

பிறகு வந்தார் ஸ்டெஃபான் பனாக். 1892-இல் இன்றைய போலந்தின் கிராக்கவ் நகரில் பிறந்தவர். முறையாகக் கணிதப் பட்டம் பெறாதவர். 1916-இல் அதே ஊரின் பூங்காவில் நடந்துகொண்டிருந்த கணிதவியலாளர் ஹ்யூகோ ஸ்டைன்ஹாஸ், பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு இளைஞர்கள் லெபெக் அளவையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுத் திகைத்து நின்றார். அவர்களில் ஒருவர் பனாக். நான்கு ஆண்டுகளில் அவர் லுவோவ் நகரில் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். அது 1922-இல் அச்சானது. புகழ்பெற்ற அந்தத் தேற்றம் அதில் ஒரு துணைக் கருவியாகத்தான் வருகிறது. எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றின் இடைத்தூரத்தை ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்கு மேற்படாமல் சுருக்கும் சார்புக்கு, முழுமையான மெட்ரிக் வெளியில் ஒரே ஒரு நிலைப்புள்ளி உண்டு. எங்கே தொடங்கித் திரும்பத் திரும்பச் செய்தாலும் அங்கேதான் வந்து சேர்வோம். அந்த விகிதம் ஒன்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முழுமையான என்ற சொல்லில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. ஓர் எண்ணை எடுத்து, 2-ஐ அதனால் வகுத்து, இரண்டுக்கும் சராசரி காணுங்கள். 1-இல் தொடங்கினால் 3/2 வரும். அடுத்து 17/12, அதற்கடுத்து 577/408. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே இந்தச் செயல் தூரத்தைக் குறைந்தது பாதியாகச் சுருக்கும். ஆனால் பின்னங்கள் மட்டுமே உள்ள உலகில் இந்த வரிசை எங்கும் போய்ச் சேராது. அது தேடிப் போகும் இரண்டின் வர்க்கமூலம் பின்னமே அல்ல. போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஓட்டை. அத்தகைய ஓட்டைகள் இல்லாத வெளியே முழுமையானது.

அப்படியானால் சுருக்கும் சார்புகள் எல்லாவற்றுக்கும் நிலைப்புள்ளி இருக்கும் வெளி கட்டாயம் முழுமையானதா? இல்லை. முழுமையற்ற, ஆனால் எல்லாச் சுருக்கும் சார்புகளுக்கும் நிலைப்புள்ளி கொடுக்கும் வெளி ஒன்றை 1959-இல் கானல் என்ற கணிதவியலாளர் காட்டினார். பனாக்கின் தேற்றத்தைக் கொண்டு வெளியின் ஓட்டையை எப்போதும் கண்டுபிடித்துவிட முடியாது என்று தெரிந்தது.

கதை இங்கே இந்தியாவுக்கு வருகிறது. கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் 1968-இல் ஆர். கண்ணன் ஒரு புதிய நிபந்தனையை வைத்தார். இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் சுருங்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்திலிருந்து எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார். இரு புள்ளிகளும் நகர்ந்த தூரங்களின் கூட்டுத்தொகையில் பாதிக்கும் குறைவான ஒரு நிலையான பங்குக்குள், நகர்ந்த பின் அவற்றின் இடைத்தூரம் அடங்க வேண்டும். இந்த நிபந்தனையை நிறைவு செய்யும் சார்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆங்காங்கே அறுந்து தாவலாம். முழுமையான வெளியில் அதற்கும் ஒரே ஒரு நிலைப்புள்ளி உண்டு.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1975-இல், பி. வி. சுப்ரமண்யம் இதன் ஆழத்தைத் திறந்து காட்டினார். பின்னாளில் சென்னை ஐஐடியின் கணிதப் பேராசிரியராக அறியப்பட்டவர் அவர். கண்ணன் வகைச் சார்புகள் அனைத்துக்கும் ஒரு வெளியில் நிலைப்புள்ளி இருக்குமானால் அந்த வெளி முழுமையானது என்று அவர் நிறுவினார். பனாக்கின் நிபந்தனையால் கண்டுபிடிக்க முடியாத ஓட்டைகூடக் கண்ணனின் நிபந்தனையிடம் சிக்கிவிடும். ஒரு நிபந்தனையை மாற்றியதால் வெளியின் இயல்பைப் பற்றியே புதிய உண்மை கிடைத்தது. கோட்பாடுகளைப் பொதுமைப்படுத்துவது எதற்காக என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்தத் தேற்றத்தைத்தான்.

சார்பின் நிபந்தனையை மாற்றியதோடு நிற்கவில்லை. தூரத்தின் விதிகளிலும் கைவைத்தார்கள். போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்று என்ற விதி எப்போதும் பொருந்துமா? செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியில் ஏறியவர்களிடம் கேட்டால் தெரியும். கடிகாரத்தைக் கொண்டு தூரத்தை அளந்தால் ஏறும் தூரம் ஒன்று, இறங்கும் தூரம் வேறு. இந்த இரண்டாம் விதியை மட்டும் கைவிட்ட வெளிகளை, குவாசி-மெட்ரிக் என்ற பெயரில், 1931-இலேயே டபிள்யூ. ஏ. வில்சன் ஆராய்ந்தார். அவற்றின் முழுப் பயன் தெரியவர அறுபது ஆண்டுகள் ஆயின. இடையில் கணினி வர வேண்டியிருந்தது.

முதல் விதியைத் தளர்த்தியவர் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் மேத்யூஸ். 1990-களின் தொடக்கம் அது. ஒரு நிரல் விடையை இலக்கம் இலக்கமாக வெளியிட்டுக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று இலக்கங்களோடு நின்றுபோன விடை இன்னும் முடியாத விடை. அதற்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பூச்சியம் என்று எப்படிச் சொல்வது? எட்டில் ஒன்று என்று வைக்கலாம் என்றார் மேத்யூஸ். பத்து இலக்கம் வந்திருந்தால் 1024-இல் ஒன்று. முடிவில்லாமல் முழுதாக வந்துவிட்ட விடைக்கு மட்டுமே தன்னோடு உள்ள தூரம் பூச்சியம். இவற்றைப் பகுதி மெட்ரிக் வெளிகள் என்கிறோம். இங்கேயும் பனாக்கின் தேற்றம் பிழைத்து நின்றது, கூடவே ஒரு பயனையும் தந்தது. கிடைக்கும் நிலைப்புள்ளிக்குத் தன்னோடு உள்ள தூரம் பூச்சியமாகவே இருக்கும். அதாவது நிரல் பாதியில் முடங்கிப்போகாது என்பதற்கு அதுவே உறுதி.

1995-இல் மிஷெல் ஷெலக்கென்ஸ் இதைவிடத் துணிந்த ஓர் அடி எடுத்து வைத்தார். அவருடைய வெளியில் புள்ளிகள் என்பவை அல்காரிதம்களின் வேலை அளவுகள். உள்ளீடு இத்தனை என்றால் படிகள் இத்தனை என்று சொல்லும் சார்பு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் வேகம் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் தூரம். மெதுவானதிலிருந்து வேகமானதற்குப் போனால் தூரம் உண்டு. வேகமானதிலிருந்து மெதுவானதற்குப் போனால் லாபம் ஏதுமில்லை, தூரம் பூச்சியம். இரு வேறு புள்ளிகளுக்கு இடையே ஒரு திசையிலாவது தூரம் பூச்சியமாகாமல் இருந்தால் போதும் என்று முதல் விதியையும் சற்றே தளர்த்தியதும், வில்சனின் குவாசி-மெட்ரிக் அதற்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1945-இல் ஜான் வான் நியூமன் வகுத்த மெர்ஜ் சார்ட் முறை, பட்டியலை இரு பாதியாக்கி, ஒவ்வொரு பாதியையும் அதே முறையில் வரிசைப்படுத்தி, பிறகு இரண்டையும் கோத்துச் சேர்க்கும். மொத்த வேலை என்பது, பாதிப் பட்டியலுக்கு ஆகும் வேலை போல இரு மடங்கு, அதோடு கோக்கும் வேலை. கண்டுபிடிக்க வேண்டிய அளவு சமன்பாட்டின் இடப்பக்கத்திலும் இருக்கிறது, வலப்பக்கத்திலும் இருக்கிறது. வலப்பக்கத்தில் போட்டால் அப்படியே திரும்ப வரும் சார்பு எதுவோ அதுவே விடை. ஆக, அல்காரிதத்தின் வேலை அளவே ஒரு நிலைப்புள்ளிதான். ஷெலக்கென்ஸின் தூரத்தில் இந்தச் செயல் இடைவெளியைப் பாதிக்கு மேற்படாமல் சுருக்குகிறது. எனவே விடை உண்டு, அது ஒன்றே. மேலிருந்து எவ்வளவு, கீழிருந்து எவ்வளவு என்று அந்த வேலையை வரையறுப்பதும் இதே வழியில் நடக்கிறது. 1024 பெயர்களை ஒவ்வொரு ஜோடியாக ஒப்பிட்டால் 5,23,776 ஒப்பீடுகள் வேண்டும். மெர்ஜ் சார்ட்டில் பத்து அடுக்கு, அடுக்குக்கு 1024-க்கு மேற்படாத வேலை. மொத்தம் 10,240-ஐத் தாண்டாது. இந்த வெளிகளின் அமைப்பை சால்வடார் ரொமகேராவும் ஷெலக்கென்ஸும் 1999-இல் மேலும் விரித்தெழுதினார்கள்.

நிலைப்புள்ளியே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு சென்னை ஐஐடியிலிருந்து ஒரு விடை வந்தது. ஒன்றையொன்று தொடாத இரு கணங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கணத்தின் புள்ளிகளை மற்றதற்கு அனுப்பும் சார்புக்கு நிலைப்புள்ளி இருக்க வழியில்லை. அப்படியானால், தான் போய்ச் சேரும் இடத்துக்கு மிக அருகில் இருக்கும் புள்ளி எது என்றாவது தேடலாம். மாறி மாறிச் செல்லும் இத்தகைய சார்புகளைப் பற்றி 2003-இல் அமெரிக்காவின் டபிள்யூ. ஏ. கிர்க், பி. எஸ். ஸ்ரீனிவாசன், பி. வீரமணி மூவரும் எழுதினர். 2006-இல் ஏ. அந்தோணி எல்ட்ரெடும் வீரமணியும் அந்த மிக அருகுப் புள்ளி இருப்பதையும் அதை அடையும் வழியையும் நிறுவினர். உலகெங்கும் இத்துறையில் எழுதுவோர் இன்றும் அந்தக் கட்டுரையிலிருந்து தொடங்குகிறார்கள்.

எல்லாத் தளர்த்தல்களும் இப்படிப் பலித்துவிடவில்லை. 2000-இல் பிராஞ்சியாரி மூன்றாம் விதியை மாற்றி, வழியில் ஒரு புள்ளிக்குப் பதில் இரு புள்ளிகளைத் தொடும் நாற்கர விதியாக்கினார். அந்த வெளியில் ஒரே வரிசை இரு வேறு புள்ளிகளை நெருங்கக்கூடும் என்பது பிறகு தெரியவந்தது. நிரூபணங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. 2007-இல் ஹுவாங்கும் ஜாங்கும் தந்த, தூரத்தை எண்ணுக்குப் பதில் திசையனால் அளக்கும் கூம்பு மெட்ரிக்கைப் பற்றிக் கட்டுரைகள் குவிந்தன. அவற்றின் நிலைப்புள்ளித் தேற்றங்கள் பலவும் பழைய மெட்ரிக்குக்கே இறங்கிவிடும் என்று 2010-இல் டூ காட்டினார்.

நூறாண்டுக் கதையில் எனக்குத் தெளிவாகத் தெரியும் பாடம் இது. விதியைத் தளர்த்தச் சொல்லி ஒரு தேவை வந்து கதவைத் தட்டியபோதெல்லாம் கோட்பாடு வளர்ந்தது. முடியாத விடை கேட்டதால் பகுதி மெட்ரிக் வந்தது. வேகத்துக்குத் திசை உண்டு என்பதால் சமச்சீர் விதி போனது. தேவை இல்லாமல் விதியை மட்டும் மாற்றியபோது பெயர் புதிதாயிற்று, பொருள் பழையதாகவே இருந்தது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நிலைப்புள்ளிக் கோட்பாட்டை ஆய்வுப் பொருளாக எடுப்பவர்கள் பலர். கிளியனூரிலிருந்து பேருந்து ஏறித் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிக்குக் கணிதம் படிக்கப் போகும் பிள்ளையும் நாளை அவர்களில் ஒருவராகலாம். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் மூன்று கேள்விகள் உண்டு. புதிய தூரம் ஒன்றை வரையறுக்கும்போது, இதைக் கேட்ட சிக்கல் எது? இந்த வெளியில் ஓட்டை உண்டா இல்லையா என்று எதைக் கொண்டு சோதிப்பது? நிலைப்புள்ளியை அடைய எத்தனை படி ஆகும்? முதல் கேள்விக்கு மேத்யூஸும் ஷெலக்கென்ஸும் விடை வைத்திருந்தார்கள். இரண்டாவதற்கு சுப்ரமண்யம் வைத்திருந்தார். மூன்றாவது, அல்காரிதங்கள் ஆளும் இந்தக் காலத்தின் கேள்வி. அதற்கான வேலை இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. தாளும் பேனாவும் பொறுமையும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் அதைத் தொடங்கலாம்.